தொடை இடுக்கில் வலியா, வீக்கமா? ரவுண்ட் லிகமென்ட் பற்றிய முழுமையான வழிகாட்டி

என் அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். ஒரு நாள் மாலை குளித்துவிட்டு வந்தவர், வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஏதோ புடைத்திருப்பதாகச் சொன்னார். படுத்தால் அமுங்கிவிடுகிறது, நின்றால் மறுபடி வருகிறது. அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கும்மா, கால்ல எங்கயாவது முள்ளு குத்திச்சா?" என்றார். மறுநாள் போன கிளினிக்கில் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாளே குறித்துவிட்டார்கள்.

எங்கள் நல்ல காலம், அதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்கள். ஸ்கேன் செய்த டாக்டரம்மா அண்ணியை முதலில் படுக்கவைத்துப் பார்த்தார். அப்புறம், "எழுந்து நில்லும்மா. இப்ப மூச்சைப் பிடிச்சு லேசா முக்கு" என்றார். முக்கியதும் திரையில் வளைந்து நெளிந்த குழாய்களில் சிவப்பும் நீலமுமாக நிறம் பாய்ந்தது. "குடல் இல்ல, ரத்தக்குழாய். ரவுண்ட் லிகமென்ட் கூடவே வர்ற நரம்பு புடைச்சிருக்கு. குழந்தை பிறந்தா தானா போயிடும்." அப்படியே போனது. அந்த ஆபரேஷன் நடந்திருந்தால், இல்லாத குடலிறக்கத்தைத் தேடி, புடைத்த ரத்தக்குழாய்களுக்கு நடுவே கத்தி வைத்திருப்பார்கள்.

ரவுண்ட் லிகமென்ட் என்ற பெயரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதற்குப் பிறகு படித்ததையும் கேட்டதையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன். வலி வந்த நாளிலிருந்து ஆபரேஷன் மேசை வரை, எந்தக் கட்டத்தில் என்ன செய்யவேண்டும் என்பதுதான் வரிசை.

முதலில், அது எங்கே இருக்கிறது?

புத்தகத் தமிழில் வட்டத் தசைநார் என்பார்கள். பெயர்தான் வட்டம், பார்த்தால் கயிறு. கர்ப்பப்பையின் இரண்டு தோள்களிலும், கருக்குழாய் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒன்றாகத் தொடங்குகிறது. இடுப்புக்கூட்டின் ஓரமாக வளைந்து வந்து, அடிவயிற்றுச் சுவரில் உள்ள ஒரு சிறு சுரங்கத்துக்குள் நுழைந்து, தொடை இடுக்கின் வழியாக வெளியே வந்து, பிறப்புறுப்பின் வெளி உதட்டுக் கொழுப்பில் பிரிபிரியாகப் பிரிந்து முடிகிறது. நீளம் சுமார் 10 முதல் 12 செ.மீ. பாவாடை நாடா மடிப்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுரங்கம்தான் ஆண்களுக்கு விந்துநாண் போகும் வழி. ஆண்களுக்குக் குடலிறக்கம் வரும் வழியும் அதுவே. கர்ப்பப்பையில் பிறக்கும் ஒரு வலி கவட்டிலும் பிறப்புறுப்பின் உதட்டிலும் தெரிவதற்கு இந்தக் கயிறு அங்கே போய் முடிவதுதான் காரணம்.

இந்த நாரில் மென்தசை இருக்கிறது, அதனால் சுருங்கும், பிடித்துக்கொள்ளும். கர்ப்பத்தில் தடித்து நீளும். சாதாரண நாளில் 60, 70 கிராம் இருக்கும் கர்ப்பப்பை, பிரசவ சமயத்தில் குழந்தையைச் சேர்க்காமலேயே ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடுகிறது. அதோடு சேர்ந்து நாரும் இழுபடத்தானே செய்யும்?

இணையத்தில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. கல்லீரலிலும் இடுப்பு மூட்டிலும் இதே பெயரில் வேறு நார்கள் உண்டு. இடுப்பு மூட்டு ஆபரேஷன் வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, வலி வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்

நாலாம் மாதம் முடிந்து, ஏழாம் மாதம் வரைக்கும் உள்ள காலத்தில்தான் இந்த வலி அதிகம் வரும். படுக்கையில் சட்டென்று புரண்டால், தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால், நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தால், அடிவயிற்றின் ஒரு பக்கத்திலிருந்து கவட்டை நோக்கிச் சுரீர் என்று ஒரு இழுப்பு. வலப்பக்கம் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் வளரும் கர்ப்பப்பை இயல்பாகவே வலது பக்கம் சற்றுத் திரும்பி நிற்கும்.

அடையாளம் என்னவென்றால், அது நீடிக்காது. சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். அசையாமல் இருந்தால் அடங்கிவிடும். எந்த அசைவில் வந்தது என்று உங்களால் சொல்ல முடியும். இந்த மூன்றும் பொருந்தினால் பெரும்பாலும் இதுதான். இதற்கென்று ரத்தப் பரிசோதனையோ தனி ஸ்கேனோ கிடையாது. மற்றவை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் டாக்டரும் இந்தப் பெயரைச் சொல்வார்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்த உடனே முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்துகொள்ளுங்கள். நார் தளர்ந்த நிலையில் தும்மல் வந்து போய்விடும். படுத்திருந்து எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கர்ப்பிணியை "புரண்டு படுக்காதே, எழுந்து உட்கார்ந்து அந்தப் பக்கம் திரும்பு, கொடி சுத்திக்கும்" என்பார்கள். தொப்புள்கொடி அதனால் சுற்றாது. ஆனாலும் அந்த முறை இந்த நாருக்கு நல்லது, மெதுவாகத் திரும்ப வைக்கிறது. காரணம் தப்பு, வைத்தியம் சரி.

தூங்கும்போது வயிற்றுக்கு அடியில் ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று என இரண்டு தலையணை. வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம், சுடச்சுட வேண்டாம். வயிற்றைத் தாங்கும் பெல்ட் சிலருக்கு உதவுகிறது, குறிப்பாக நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு. விளக்கெண்ணெய் லேசாகத் தடவுவதில் கெடுதல் இல்லை. அழுத்திப் பிசைவது கூடாது, குடிக்கவே கூடாது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுப் பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் "இடுப்பு வலி" என்று கேட்டால் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் கலந்த மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்துக்கு அருகிலுள்ள ஒரு முக்கிய ரத்தக்குழாயும் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம்.

மூன்றாவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

"நார் வலிதான்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. கர்ப்பிணியின் ஒருபக்க வயிற்றுவலிக்குப் பின்னால் வேறு பலதும் ஒளிந்திருக்கலாம்.

முதல் மூன்று மாதத்தில் ஒருபக்கம் வலித்தால் அதை இந்த நாரின் கணக்கில் எழுதவே எழுதாதீர்கள். கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியாகும்வரை நிம்மதி வேண்டாம்.

வலப்பக்க வலி அடங்காமல் கூடிக்கொண்டே போய், காய்ச்சல், வாந்தி, பசியின்மை சேர்ந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். கர்ப்பம் வளர வளரக் குடல்வால் மேலே தள்ளப்படலாம் என்பதால் வலி வழக்கமான இடத்தில்தான் வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. சிறுநீர் எரிச்சல், குளிர் நடுக்கம், முதுகுப் பக்க விலாவில் வலி என்றால் சிறுநீரகம். திடீரென்று வந்து விடாமல் குத்தி, வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைத் தசைக் கட்டி ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, கர்ப்பத்தின் நடுவில் அது உள்ளே சிதைந்து நாள்கணக்கில் வலிக்கும்.

வலி விட்டு விட்டு, ஒரே இடைவெளியில், வயிறு கல்லாக இறுகி இறுகி வந்தால் அது நாரின் வலி இல்லை. சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் குடித்துப் பார்க்கும் நேரமும் இல்லை, அதுவும் 37 வாரம் முடியாதபோது. உதிரப்போக்கு, நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, இளகாமல் இறுகிக்கிடக்கும் வயிறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். தமிழ்நாட்டில் என்றால் 108.

நான்காவது, வீக்கம் இருந்தால் நின்றபடி டாப்ளர்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுகிறது. புரொஜெஸ்டிரான் ஹார்மோன் சிரைகளின் (பேச்சில் "நரம்பு" என்கிறோமே, அந்த ரத்தக்குழாய்களின்) சுவரைத் தளர்த்துகிறது. வளர்ந்த கர்ப்பப்பை இடுப்புக்குள் ரத்தம் திரும்பும் வழியை அழுத்துகிறது. கால் நரம்பு புடைப்பதற்கும் மூலம் தள்ளுவதற்கும் காரணமான அதே கதை, ரவுண்ட் லிகமென்ட்டை ஒட்டி ஓடும் சிரைகளிலும் நடக்கிறது. தொடை இடுக்கில் மெத்தென்று ஒரு புடைப்பு. நின்றால் பெரிதாகும், இருமினால் கையில் தட்டும், படுத்தால் அமுங்கும்.

குடலிறக்கத்துக்குச் சொல்லும் அடையாளமும் அட்சரம் பிசகாமல் இதுதான். ஆகவே எவ்வளவு அனுபவமுள்ள விரலானாலும் தொட்டு மட்டும் பிரித்தறிவது கஷ்டம். கலர் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் ஸ்கேனில் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். குழாய் குழாயாக, மருத்துவர்கள் "புழுக்கள் அடைத்த பை" என்று வர்ணிக்கும் வடிவம். முக்கினால் ரத்த ஓட்டம் கூடும். குடலோ கொழுப்போ உள்ளே இருக்காது.

ஸ்கேனுக்குப் போகும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். வீக்கம் எந்த நிலையில் பெரிதாகிறது, எத்தனை வாரமாக இருக்கிறது, என்னை நிற்கவைத்தும் பார்க்க முடியுமா. மூன்றாவதுதான் முக்கியம். படுக்கவைத்து மட்டும் பார்த்தால் புடைப்பு வடிந்து ஒன்றுமே தெரியாமல் போகலாம். அண்ணிக்கு அந்த டாக்டரம்மா கேட்காமலே செய்தார். எல்லோரும் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

சிரைப் புடைப்புதான் என்று உறுதியானால் வைத்தியம், காத்திருப்பது. நீண்ட நேரம் நிற்காமல், ஒருக்களித்துப் படுத்து, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இது இருப்பதால் மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். வீக்கம் திடீரென்று கெட்டியாகி, தொட்டாலே வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அப்போது மறுபடி டாப்ளர். மிக அரிதாகச் சிரை வெடித்து ரத்தம் கட்டுவதும் உண்டு.

2018-இல் வெளியான சர்வதேச ஹெர்னியா வழிகாட்டுதலும் கர்ப்பிணிகளின் கவட்டு வீக்கத்தில் பெரும்பாலானவை இப்படித் தானாகச் சரியாகும் சிரைப் புடைப்புகளே என்பதால் காத்திருந்து கவனிக்கச் சொல்கிறது. உண்மையான குடலிறக்கமே ஆனாலும், அது மாட்டிக்கொள்ளாத வரை பிரசவம் முடியட்டும் என்றுதான் வைப்பார்கள். உள்ளே போகாமல் மாட்டி, வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் எந்த மாதமானாலும் அவசர ஆபரேஷன்.

ஐந்தாவது, கர்ப்பம் இல்லாதவருக்கு வீக்கம் என்றால்

இங்கே கணக்கு தலைகீழ். கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் கவட்டில் வீக்கம் என்றால், ஆண்களுக்குச் சொல்வதுபோல "தொந்தரவு இல்லையே, பார்த்துக்கலாம்" என்று விடக்கூடாது. சுரங்கத்துக்குச் சற்றுக் கீழே, தொடையின் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி வரும் தொடைக் குடலிறக்கம் பெண்களுக்கு அதிகம். வாய் குறுகலாக இருப்பதால் குடல் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். சும்மா தொட்டுப் பார்த்தால் நெறி கட்டியதுபோலவே இருக்கும் என்பது இதன் கெட்ட குணம்.

குடலிறக்கம் இல்லை என்றானால் அடுத்த கேள்வி: மாதவிலக்கோடு இந்த வீக்கம் வலிக்கிறதா, பெரிதாகிறதா? ஆம் என்றால், கர்ப்பப்பையின் உள்ளுறை இந்த நாரின் வழியில் வளர்ந்திருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ். பெரும்பாலும் வலப்பக்கம்தான். 1896-லேயே பால்டிமோரில் தாமஸ் கல்லன் என்ற மகளிர் மருத்துவர் ரவுண்ட் லிகமென்ட்டில் இப்படியொரு கட்டியைப் பதிவுசெய்திருக்கிறார். ஆனாலும் இன்றைக்கும் பலருக்கு இதைக் கண்டுபிடிக்க வருடங்கள் ஆகின்றன, ஏனென்றால் "கவட்டு வலி மாதவிலக்கில் கூடுதா?" என்று யாரும் கேட்பதில்லை, நாமும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. இரண்டு மூன்று மாதம் காலண்டரில் வலித்த நாளைச் சுழித்து எடுத்துப் போங்கள், அதுவே பாதி நோயறிதல். எம்ஆர்ஐ எடுத்து, கட்டியை அது ஒட்டியிருக்கும் நாரின் துண்டோடு சேர்த்து எடுப்பார்கள். வயிற்றுக்குள்ளும் இதே நோய் இருக்க வாய்ப்பு இருப்பதால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்வது) தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதத்தோடு மாறாத, அமுக்கினால் உள்ளே போகாத கெட்டிக் கட்டி என்றால் அந்த நாரிலேயே வளர்ந்த ஃபைப்ராய்டாக இருக்கலாம். அரிது.

நீர் நிரம்பிய, வலியில்லாத வீக்கம் வேறு வகை. கருவில் இருந்தபோது இந்த நாரோடு வயிற்றின் உள்சவ்வும் ஒரு பைபோலச் சுரங்கத்துக்குள் இறங்குகிறது. வழக்கமாக அது மூடிவிடும். மூடாமல் போனால் நீர் சேரும், அல்லது குடல் இறங்கும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு உடற்கூறியலாளர் ஆன்டன் நக் பெயரால் அதை நக் கால்வாய் என்கிறார்கள். ஊசியால் நீரை உறிஞ்சினால் திரும்பச் சேரும். பையை எடுத்துக் கழுத்தைக் கட்டுவதுதான் தீர்வு. பச்சைக் குழந்தையாக இருக்கும் பெண்பிள்ளைக்குக் கவட்டில் பாதாம் பருப்பு அளவு உருண்டை தட்டுப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். இறங்கியிருப்பது சினைப்பையாக இருக்கலாம், முறுக்கிக்கொண்டால் அது போய்விடும். அதை அமுக்கி உள்ளே தள்ளிப் பார்க்கவும் வேண்டாம், குழந்தை அறுவை நிபுணரிடம் அன்றே காட்டுங்கள்.

ஆறாவது, ஆபரேஷன் என்று சொன்னால் என்ன கேட்பது?

முதலில் வழக்கொழிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்றும் அதன் நிழல் வீடுகளில் இருக்கிறது. "கர்ப்பப்பை பின்பக்கம் திரும்பியிருக்கு, அதான் குழந்தை நிக்கல" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவ உலகமே அப்படித்தான் நம்பியது. முதுகுவலி, குழந்தையின்மை எல்லாவற்றுக்கும் பின்புறம் சாய்ந்த கர்ப்பப்பை மேல் பழி போட்டார்கள். 1881-இல் லிவர்பூலில் வில்லியம் அலெக்ஸாண்டர், இரண்டு பக்கக் கவட்டையும் திறந்து, ரவுண்ட் லிகமென்ட்டை வெளியே இழுத்துச் சுருக்கித் தைத்து, கர்ப்பப்பையை முன்னால் நிமிர்த்தினார். கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஆடம்ஸும் ஏறக்குறைய அதே சமயத்தில் அதே யோசனைக்கு வந்ததால் இருவர் பெயரும் அந்த ஆபரேஷனுக்கு ஒட்டிக்கொண்டது. பல பத்தாண்டுகள் ஓஹோவென்று நடந்தது. ஐந்தில் ஒரு பெண்ணுக்கு கர்ப்பப்பை பின்சாய்ந்துதான் இருக்கும், அது நோயே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. போதாக்குறைக்கு, கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிப்பது முக்கியமாக இந்த நார் அல்ல, கீழே கர்ப்பப்பையின் கழுத்தருகே உள்ள வேறு இரண்டு ஜோடி நார்கள். ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை பின்சாய்ந்திருப்பதாகப் படித்தால் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

இன்று இந்த நார் வெட்டப்படுவது அதிகமாகக் கர்ப்பப்பை நீக்கத்தில். வயிறு வழியாகவோ லேப்ராஸ்கோப்பியிலோ செய்யும்போது பெரும்பாலும் முதல் வெட்டே இதுதான். இதைக் கட்டி வெட்டினால் உள்சவ்வு கதவுபோலத் திறக்கிறது. முன்பக்க மடிப்பு மூத்திரப்பையை விலக்க வழிவிடும், பின்பக்கம் சிறுநீர்க்குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்டும். இதற்குள் ஓடும் சிறு தமனியைச் சரியாகக் கட்டாவிட்டால் ரத்தம் கசியும், அதனால் முடிச்சில் அலட்சியம் காட்டமாட்டார்கள். நீங்கள் கேட்கவேண்டியது இந்த நாரைப் பற்றி அல்ல. இது வெட்டப்பட்டதால் எந்த நஷ்டமும் தெரியாது. "சினைப்பையை வைப்பீர்களா, எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். நாரை வெட்டுவதும் சினைப்பையை எடுப்பதும் அடுத்தடுத்து நடக்கும் தனித்தனி வெட்டுகள். 45 வயதுக்காரருக்குச் சினைப்பையும் சேர்ந்து போனால் மறுநாளே மாதவிடாய் நின்ற நிலைதான்.

குடலிறக்க ஆபரேஷனில்தான் நாரைப் பற்றிக் கேட்க வேண்டும். பெண்களுக்கு முடிந்தவரை லேப்ராஸ்கோப்பி வழியே, குடல் வெளியே வராமல் தடுக்கும் வலை வைப்பதையே அந்த 2018 வழிகாட்டுதல் விரும்புகிறது, ஒரே வலையில் தொடைக் குடலிறக்கத்தின் வாயும் மூடப்படும் என்பதால். வலையைச் சரியாகப் பரப்ப இந்த நார் குறுக்கே நிற்கும். சிலர் வெட்டிவிடுவார்கள், சிலர் சவ்விலிருந்து பிரித்துக் காப்பாற்றி வலையில் ஒரு கீறல் போட்டு வழிவிடுவார்கள். இதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. இன்னும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றட்டும். வெட்டினால் கர்ப்பம் தரிக்காது என்று பயப்பட வேண்டாம். அந்த வேலையில் இந்த நாருக்குப் பங்கு இல்லை. வெட்டுவதானால், தொடைக்கும் பிறப்புறுப்புக்கும் உணர்வு தரும் நரம்பு வந்து சேர்வதற்கு முன்னாலேயே, உட்பக்கமாக வெட்டுவது நல்லது என்று அனுபவமுள்ள சர்ஜன்களுக்குத் தெரியும். அந்த நரம்பு மாட்டிக்கொண்டால்தான் ஆபரேஷன் முடிந்தும் உதட்டுப் பகுதியில் மரப்போ எரிச்சலோ தங்கும்.

முதல் சில வாரம் அந்த இடத்தில் லேசான மரப்பு, சிறு கெட்டி, பிறப்புறுப்பின் உதட்டில் கொஞ்சம் ரத்தம் கன்றிய நீலம் வருவது சாதாரணம். காய்ச்சல், காயத்தில் சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம் சாதாரணம் அல்ல. மூன்று மாதம் தாண்டியும் எரிச்சல் நின்றபாடில்லை என்றால், தையல் வலி என்று சும்மா இருக்காமல் நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டி ஏதாவது எடுத்திருந்தால் அதைப் பயாப்சிக்கு அனுப்பினார்களா என்று கேட்டு ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் வெறுமனே "ஹெர்னியா" என்று எழுதியிருந்தால், ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேளுங்கள். எந்தப் பக்கம், வலை வைத்தார்களா, ரவுண்ட் லிகமென்ட்டை வெட்டினார்களா விட்டார்களா என்பது அதில் இருக்கும். பிறகொரு நாள் சிசேரியனுக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ அந்த வயிற்றைத் திறக்கப்போகும் டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.